கரண்டிவாயன்கள் எழும்வரை

"மேடம் எங்க சார்?" என்று கேட்டார் ஹோட்டல் மேனேஜர்.

கேள்வியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் கடைசி அறைக்கு இரண்டு பேர் என்று இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றது ஒருத்தன். இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்கும் தெரியும். காரை ஓட்டிக்கொண்டு வரும்போதே பதிலைத் தயார் செய்து, சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் சொல்லியும் பார்த்திருந்தான். 'அவங்க வரல. நான் மட்டும்தான்.' சுலபமான பதில். வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்து விழுந்தது.

"கார்ல இருக்கா. தலைவலி."

"அய்யோ பாவம். நீங்க முதல்ல ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க சார். கையெழுத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று மேனேஜர் இரண்டு சாவிகளை எடுத்து அவன் கையில் வைத்தார்.

இரண்டையும் வாங்கிக்கொண்டான். அந்த இடத்திலேயே ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தப் பயணமே அவளுடையது. 'பறவையும் பண்பாடும்' என்று பெயர் வைத்து, ஆண்டுக் கடைசி விடுமுறையில் ஒரு சுற்றுலா கம்பெனி நடத்துவது. காலையில் பறவை, மாலையில் பண்பாடு, நடுவில் சாப்பாடு. இடம் கிடைக்க வெகுநாள் முன்பே பதிந்துவிட வேண்டும். கரண்டி போலத் தட்டையான அலகுள்ள கரண்டிவாயனை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று பதிந்தவள் அவள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது முதுகில் தட்டி, "நிறுத்து நிறுத்து, கம்பியில என்ன உக்காந்திருக்கு பாரு" என்பவளும் அவள்தான். நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் வருகிறவர்களின் வசவை வாங்கிக்கொள்வது அவன் பங்கு. பறவைகளோடு அவனுக்கு இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஒரு காலை அவள் குளியலறையில் விழுந்தாள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. மூளையில் ஒரு நரம்பு என்றார்கள்.

அதற்குப் பிறகு சுற்றுலா கம்பெனிக்கு ஒரு தடவை போன் செய்தான். "யாரோட பேரை எடுக்கணும் சார்?" என்று ஒரு பெண் இனிமையாகக் கேட்டாள். போனை வைத்துவிட்டான். மறுபடி கூப்பிடவில்லை. போகவும் எண்ணமில்லை. அக்காதான் விடவில்லை. "போயிட்டு வாடா. நாலு மனுஷங்க முகத்தைப் பாரு. சுவத்தையே பாத்துக்கிட்டிருந்தா நீயும் ஒரு நாள் சுவராயிடுவே. ஆணி அடிச்சு காலண்டரை மாட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள். அக்காவின் ஆறுதல் அப்படித்தான் இருக்கும். துணிமணியை அவளே மடித்துக் கொடுத்தாள். அக்கா போன பிறகு அவன் பரண்மேல் இருந்த மனைவியின் பயணப் பையை இறக்கி, அதையும் காரில் வைத்தான். பைனாகுலர் அதற்குள்தான் இருந்தது. அவளுடைய பூட்ஸும் அதற்குள்தான் இருந்தது.

ஹோட்டலில் அவனுக்குக் கிடைத்த அறை, ஏரியை ஒட்டிய வரிசையில் கடைசி. முன்கதவு வராந்தாவைப் பார்த்திருந்தது. பின்கதவைத் திறந்தால் சின்ன சிமெண்ட் மேடை. மேடையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் படிகள். இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு ஒரே விரிப்பால் மூடியிருந்தார்கள். தலைமாட்டில் இரண்டு விளக்கு, இரண்டு தண்ணீர் பாட்டில். கட்டிலடியில் இரண்டு ஜோடி வெள்ளைச் செருப்பு. எதைத் தொட்டாலும் இரண்டாக இருந்தது.

சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் இருப்பார்கள், போய் ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினான். போனால், அவனுக்கு முன்னால் அந்தத் தலைவலி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"நீங்கதானா அது? ஒய்ஃபுக்குத் தலைவலின்னு மேனேஜர் சொன்னாரே" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்த அம்மாள் ஒரு டாக்டர். குழந்தை வைத்தியர். எதிரே நிற்பவர் எத்தனை வயதானவராக இருந்தாலும் நாக்கை நீட்டச் சொல்லிவிடுவார் போன்ற குரல். "வாந்தி இருக்கா? வெளிச்சத்தைப் பாத்தா கண் கூசுதா?"

"இல்ல. தூங்கினா சரியாயிடும்."

"சாப்பிட்டாளா?"

"இல்ல."

"வெறும் வயித்தோட படுத்தா தலைவலி எப்படிப் போகும்? நல்லா இருக்கே கதை!"

அவரே சமையலறைவரை போனார். உப்பைக் குறைத்துப் போடச் சொல்லி ஒரு கிண்ணம் சூப்பும் ரொட்டியும் வாங்கி, தட்டில் வைத்து மூடி, அவனிடம் கொடுத்தார்.

"கொண்டு போயிடுங்க தம்பி" என்றார் டாக்டரின் கணவர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். "இல்லேன்னா இவளே ஊட்டி விட வந்துடுவா. கல்யாணமான நாள்லேருந்து நான் நோயாளியாவே இருக்கேன்."

மேசையின் கடைசியில், எதிரே பறவைப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாளை எல்லோரும் டீச்சர் என்றார்கள். ஒரு பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தவர். தனி ஆள். "தலைவலியை ராத்திரியோட முடிச்சுக்கச் சொல்லுங்க. காலைல நடக்கணும்" என்றார், தலையைத் தூக்காமலே.

அவன் தட்டோடு அறைக்கு வந்தான். தட்டு காலியாகத் திரும்பாவிட்டால் டாக்டரம்மா கதவில் வந்து நிற்பார் என்பது தெரிந்துபோயிற்று. உட்கார்ந்து தின்றான். அவனுடைய சாப்பாட்டைக் கூடத்திலேயே முடித்திருந்தான். மழைக்காலத்திலிருந்து ஒரு வேளைச் சோற்றை முழுதாகத் தின்று எழாதவன், அன்றைக்கு இரண்டு பேர் பங்கை ஒருவனாகத் தின்று தீர்த்தான்.

மறுநாள் காலை சொல்லியிருக்கலாம். ஏரிக்கரையில் நடந்தபோது எத்தனையோ இடம் வாய்த்தது. சொல்லவில்லை. சொல்லாததற்குப் பயம் மட்டும் காரணமில்லை.

ஊரில் அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அலுவலகத்தில் அவன் உள்ளே நுழைந்தால் சிரிப்பு நின்றுவிடும். அக்கா வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். இங்கே அவளைப் பற்றி உரக்கப் பேசினார்கள். கிண்டல் செய்தார்கள். "என்ன புதுமாப்பிள்ளை, வீட்டம்மா இன்னும் எழுந்திருக்கலையா?" என்றார் வங்கிக்காரர், கரை முழுக்கக் கேட்கும்படி. பெயர் ஒட்டிக்கொண்டது. பறவை காட்டக் கூட்டிப்போகும் கைடு உட்பட எல்லோருக்கும் அவன் புதுமாப்பிள்ளை ஆனான். "அவளுக்குக் காரம் ஒத்துக்குமா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "ஒத்துக்காது. ஆனா விட மாட்டா" என்றான். உண்மையைத்தான் சொன்னான். சொன்னபோது நெஞ்சுக்குள் ஏதோ அசைந்து, மறுபடி இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இன்னும் இரண்டு நாள். கடைசி நாள் காலை மற்றவர்கள் முதல் வேனில் கிளம்பிவிடுவார்கள். அதுவரை அவள் அந்த அறையில் தலைவலியோடு படுத்திருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நடுவில் ஓடிவிடவும் வழியில்லை. கார் நின்ற இடம் மேனேஜரின் ஜன்னலுக்கு நேர் எதிரே. கிளம்புவதென்றால் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, மேனேஜரும் டாக்டரம்மாவும் பார்க்கக் காரில் ஏற்ற வேண்டும். உள்ளே நுழைய ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வெளியே போக ஓர் ஆள் தேவைப்பட்டது.

அவன் வேலை லிஃப்ட் கம்பெனியில். லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் மணி அவன் மேசையில்தான் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். 'காத்து வரும், பயப்படாதீங்க. கதவை மட்டும் நீங்களா திறக்காதீங்க.' பாதித் தளத்தில் நிற்கும் லிஃப்டைத் தாங்களே திறந்துகொண்டு குதிக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் அடிபடும். இந்த இரண்டு நாளாக அவன் தனக்குத்தானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். கதவைத் திறக்காதே.

சாயங்காலம் பண்பாடு. சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஹோட்டல் ஆட்களே ஆடினார்கள். காலையில் படகில் கழி ஊன்றியவர் பளபளக்கும் பாவாடை கட்டி நடுவில் நின்றார். தோட்டக்காரர் மத்தளம். அறை கூட்டும் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார், நல்ல குரல். மேனேஜர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "இது ஏரிக்கரை ஜனங்களோட பழைய ஆட்டம்" என்று ஆரம்பித்து, "ரெண்டு பாட்டுதான், அப்புறம் இவங்க எல்லாம் பரிமாறப் போகணும்" என்று முடித்தார்.

இரண்டாவது பாட்டில் விருந்தாளிகளை ஜோடி ஜோடியாக இழுத்தார்கள். டாக்டரம்மா தன் கணவரைத் தரதரவென்று இழுத்துப்போனார். படகுக்காரர் வேர்த்து விறுவிறுத்து இவன் எதிரே வந்து நின்றார். "சார், உங்க ஜோடி எங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கூடமே சேர்ந்து கத்தியது: "தலைவலி!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டீச்சர்கூடச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க பறவைக் குழுவுல ஒரு சட்டம் உண்டு தம்பி. ஒரே ஒருத்தர் பாத்தேன்னு சொல்ற பறவையைக் கணக்குல சேத்துக்க மாட்டோம். ரெண்டாவது ஆளும் பாத்திருக்கணும். உங்க வீட்டம்மாவை உங்களைத் தவிர யாருமே பாத்த மாதிரி தெரியலையே?"

"அதானே!" என்றார் வங்கிக்காரர், ஆடிய மூச்சு வாங்கலோடு. "றெக்கை இருக்கா இல்லையான்னாவது சொல்லுங்க புதுமாப்பிள்ளை."

அவனும் சிரித்தான்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு நாளா ஒரே தலைவலின்னா அது விளையாட்டு இல்ல. நாளைக்குக் கூண்டுலேருந்து வந்ததும் நேரா உங்க ரூமுக்குத்தான் வரேன். வேணாம் கீணாம்னு எதுவும் சொல்லாதீங்க."

கூடத்தை விட்டு வெளியே வந்தால் பாடிய அம்மாள் துடைப்பத்தோடு நின்றார். "சார், மேடம் கதவே திறக்கலை. துண்டு மாத்தலாம்னு தட்டித் தட்டிப் பாத்தேன். உள்ள ஒரு அசைவும் இல்லையே?"

"மாத்திரை போட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

காலையில் கிளம்புமுன் அவளுடைய பையைத் திறந்து பூட்ஸை எடுத்தான். அடியில் பழைய மண் காய்ந்து ஒட்டியிருந்தது. பின்பக்க மேடையில், படிக்குப் பக்கத்தில் அதை ஜோடியாக வைத்தான். பின்கதவை ஒருக்களித்து விட்டான். யாராவது எட்டிப் பார்த்தால், உள்ளே இருப்பவள் இப்போதுதான் எழுந்து காற்று வாங்க வந்தாள் என்று நினைப்பார்கள். செய்யும்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது.

கூண்டு என்று கைடு சொன்னது பறவைக் கூண்டை அல்ல. நாணலுக்கு நடுவே, சேற்றில் ஊன்றிய மரக்கால்கள்மேல் நின்ற ஒரு பலகை அறை. கரையிலிருந்து ஒற்றைப் பலகைப் பாதை அதுவரை போயிற்று. உள்ளே ஒரே ஒரு பெஞ்சு. கண் மட்டத்துக்கு நீளமாக ஒரு இடைவெளி. ஈர மரமும் எச்சமும் கலந்த நாற்றம். "பறவைங்க வெளிய, நாம உள்ள. அதனால கூண்டு" என்று கைடு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "கரண்டிவாயன் ரொம்பக் கூச்ச சுபாவம். வந்து இறங்கினதும் அதுங்களா எழுந்து போற வரைக்கும் யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, கதவைத் திறக்கவே கூடாது. ஒருத்தர் அசைஞ்சா எல்லாம் போயிடும். அப்புறம் இந்த சீசனுக்கு இந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. போன்லாம் அணைச்சுடுங்க."

"வாயில எப்பவும் கரண்டி. எங்க வீட்டுல என்னைச் சொல்ற பேரு" என்று கிசுகிசுத்தார் வங்கிக்காரர். டாக்டரம்மா அவர் தொடையில் ஒன்று வைத்தார்.

பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவனுக்கு ஒரு பக்கம் டாக்டரம்மா, மறுபக்கம் டீச்சர். தோளோடு தோள் இடித்தது. கூண்டை விட்டு வெளியே வந்ததும் ஓடிப்போய் டாக்டரம்மாவுக்கு முன்னால் அறையைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். பூட்டிக்கொண்டு என்ன செய்வது என்பது தெரியவில்லை.

வெளிச்சம் பரவியது. ஏரி தகரத் தகடாகக் கிடந்தது. தூரத்தில் வெள்ளையாக ஒரு வரிசை தெரிந்து, வளைந்து, இந்தப் பக்கம் திரும்பியது. டீச்சரின் முழங்கை அவன் விலாவில் குத்தியது. அவர் மூச்சு நின்றுபோயிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கைடின் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"கைடு, கேக்குதா? கடைசி ரூம் மேடம் கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. ரூம் கூட்டற அம்மா ரொம்ப நேரமா தட்டறாங்க, பதிலே இல்ல. என்ன செய்யட்டும்?" மேனேஜரின் குரல்.

கைடு அதை இரண்டு கையாலும் பொத்தினார். பறவைகள் தலைக்கு மேலே வந்துவிட்டன. "மாஸ்டர் சாவி போட்டுத் திறந்து பாருங்க" என்று வாயை ஒட்டிச் சொல்லிவிட்டு அணைத்தார்.

கரண்டிவாயன்கள் இறங்கின. கூண்டுக்கு எதிரே, கல்லெறி தூரத்தில், ஒவ்வொன்றாகக் கால் நீட்டித் தண்ணீரில் ஊன்றின.

"நான் போறேன்" என்று கிசுகிசுத்தார் டாக்டரம்மா.

"மேடம், இப்ப முடியாது. கதவைத் திறந்தா எல்லாம் போச்சு."

"பறவையா பெருசு? அங்க ஒரு பொண்ணு மயங்கிக் கிடக்கறா!" பாதி எழுந்துவிட்டார். பெஞ்சு முனகியது. வெளியே ஒரு கரண்டிவாயன் தலையைத் தூக்கியது.

அவன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "போகாதீங்க. ரூம்ல யாரும் இல்ல."

"வெளிய போயிருக்காளா?"

"அவ வரவே இல்ல."

"அப்போ எங்கதான் இருக்கா?"

"இறந்துட்டா" என்றான், அவர்களைப் போலவே கிசுகிசுப்பாக. "மழைக்காலத்துலயே."

டாக்டரம்மா மெல்ல உட்கார்ந்தார்.

யாரும் எதுவும் சொல்ல முடியாது. கைடு உதட்டின்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. வங்கிக்காரர் வாயைத் திறந்தார், வெளியே பார்த்தார், மூடிக்கொண்டார். டீச்சர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. அதன் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அவர் எதையும் பார்த்திருக்க முடியாது.

கரண்டிவாயன்கள் மேய்ந்தன. பாதி திறந்த அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் துழாவிக்கொண்டே வரிசையாக நடந்தன. கூட்டமாகத் தரை துடைப்பது போல இருந்தது. அவசரமே இல்லை. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய், திரும்பி, மறுபடி அதே இடத்தைத் துழாவின.

பிடித்த மணிக்கட்டை விட அவன் மறந்துபோயிருந்தான். டாக்டரம்மா கையை இழுக்கவில்லை. திருப்பி, இரண்டு விரலை அவன் மணிக்கட்டில் வைத்தார், நாடி பார்ப்பது போல. தெரிந்துதான் செய்தாரோ, பழக்க தோஷமோ.

சின்ன வயசு, மனசைத் தேத்திக்கோ, விதி யாரை விட்டது, இன்னொரு வாழ்க்கை இருக்கு. இவையெல்லாம் அந்தக் கூண்டுக்குள்தான் இருந்தன; ஒவ்வொருவர் தொண்டையிலும் வந்து முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றும் வெளியே வர வழியில்லை. அவன் ஓட வழியில்லை. அவர்கள் ஆறுதல் சொல்ல வழியில்லை. எல்லோரும் ஒரே பெஞ்சில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பறவைகள் எழுந்துவிட்டால் ஆரம்பித்துவிடும். எழாதே, எழாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அவள் உயிரைக் கொடுத்துப் பார்க்க ஆசைப்பட்ட பறவையை அவன் உண்மையிலேயே பார்த்தது அப்போதுதான்.

வங்கிக்காரர் கால் மரத்துப்போய் நெளிந்தார். டீச்சர் பைனாகுலரை இறக்கி, முந்தானையால் துடைத்து, மறுபடி வைத்துக்கொண்டார். கைடு திரும்பத் திரும்ப வாக்கி-டாக்கியைப் பார்த்தார். அறையைத் திறந்திருப்பார்கள், ஆளில்லை என்று பார்த்துச் சாத்தியிருப்பார்கள், போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

சத்தம் முதலில் தண்ணீர்மேல் வந்தது. "மே...டம்!"

கரண்டிவாயன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின.

நாணலைச் சுற்றிக்கொண்டு ஒரு தட்டைப் படகு வந்தது. நின்றபடி கழி ஊன்றுகிறவர் நேற்றுப் பாவாடை கட்டி ஆடியவர். முனையில் தோட்டக்காரர், கையை வாயருகே குவித்துக்கொண்டு. பின்னால் இன்னொரு படகு, அதற்குப் பின்னால் இன்னொன்று. கரையில் மேனேஜர் ஒலிபெருக்கியோடு ஓடி வந்துகொண்டிருந்தார். "மேடம்! மேடம்! எங்க இருந்தாலும் கையைத் தூக்குங்க!"

பறவைகள் எழுந்தன. கூண்டு முழுக்கச் சிறகுச் சத்தம் நிறைந்து, குறைந்து, இல்லாமல் போயிற்று.

கைடு வாக்கி-டாக்கியைத் திருகினார். மூச்சிரைப்பு பாய்ந்து வந்தது. "...பின்கதவு திறந்து கிடக்கு, படியில பூட்ஸைக் கழட்டி வச்சிருக்காங்க, ஆளைக் காணோம்! தண்ணில இறங்கிட்டாங்க! எத்தனை தடவை கூப்பிடறது உங்களை?"

"பூட்ஸா?" என்று டாக்டரம்மா அவனைப் பார்த்தார்.

"நான்தான் வச்சேன்."

கைடு எழுந்துவிட்டார். "மேனேஜர்கிட்ட நான் சொல்லிடறேன் சார். ஆனா படகுல ரேடியோ இல்ல" என்று தாழ்ப்பாளை நீக்கினார்.

அவன் பலகைப் பாதைக்கு வந்தான். வெயில் கண்ணில் அடித்தது. ஒரு கையசைவில் நிறுத்தியிருக்கலாம். நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் விழுந்த அன்றைக்கு யாரும் அவளைத் தேடவில்லை. தேட இடமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். பிறகு ஒருவர் வெளியே வந்து கையைப் பிசைந்தார். இங்கே மூன்று படகு நிறைய ஆட்கள் அவளைத் தேடினார்கள். இரண்டாவது படகில் அந்தப் பாட்டுக்கார அம்மாள் விளிம்பில் குப்புறக் கிடந்து, நாணலை விலக்கி விலக்கிப் பார்த்தார். "எம்மா, எங்கம்மா இருக்கே?" என்று அழுகிற குரலில் கேட்டார். முகம்கூடப் பார்த்திராதவளை. கிடைத்துவிடுவாள் என்று நம்பித்தான் தேடினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று இருந்தது அவனுக்கு.

அப்போது தோட்டக்காரர் படகிலிருந்து குதித்தார். காலால் துழாவிப் பார்க்கத்தான் குதித்திருப்பார். தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் சேறு முழங்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டது. ஒரு காலை எடுக்க முயன்று மார்பளவுக்கு இறங்கினார்.

"தேடாதீங்க!" என்று கத்தினான் அவன்.

"பயப்படாதீங்க சார்!" என்று படகுக்காரர் திரும்பிக் கத்தினார். "ஆழம் இல்ல! எப்படியும் கண்டுபிடிச்சிடுவோம்!"

"அவ தண்ணில இல்ல!"

"பாத்தீங்களா சார்? எந்தப் பக்கம் போனாங்க?" படகு அவன் காட்டும் பக்கம் போகத் தயாராகத் திரும்பியது. தோட்டக்காரர் கைகளை விரித்துத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் கூண்டு வாசலில் டாக்டரம்மா நின்றார். ஒலிபெருக்கி நின்றுவிட்டது. கைடு சொல்லியிருப்பார்.

"என் பொண்டாட்டி செத்துட்டா!" என்று கத்தினான். குரல் உடைந்தது, மறுபடி எடுத்தான். "இங்க இல்ல! எங்க ஊர்ல! மழைக்காலத்துலயே செத்துட்டா! அவ இங்க வரவே இல்ல! நான்தான் பொய் சொன்னேன்! அவரை மேல தூக்குங்க!"

அந்த வார்த்தையை அவன் அதுவரை அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. தண்ணீர்மேல் போய், எதிர்க்கரையில் பட்டு, தேய்ந்து திரும்பி வந்தது.

படகுக்காரர் கழியைத் தோட்டக்காரரிடம் நீட்டினார். பின்னால் வந்த படகிலிருந்து இரண்டு பேர் கைலாகு கொடுத்தார்கள். சேறு வாய்விட்டுச் சத்தம் போட்டு அவரை விட்டது. படகுக்குள் விழுந்து இருமினார். பாட்டுக்கார அம்மாள் நாணலிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்தார். அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று படகும் அசையாமல் நின்றன. திட்டுவார்கள் என்று காத்திருந்தான்.

படகுக்காரர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். அங்கிருந்தே கேட்டார். குரலில் கோபமில்லை, வேலையைப் பற்றிக் கேட்கிற குரல்.

"அப்போ தேட வேணாமா சார்?"

எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று அவன் சொன்னால்தான் அவர்கள் திரும்புவார்கள்.

"வேணாம்" என்றான். "கரைக்குப் போயிடுங்க."

படகுக்காரர் தலையை ஆட்டிவிட்டுக் கழியை ஊன்றினார்.